யார் மேல் பிராது

அர்த்தனாரிக்கு வட்டம் என்றால் ஒரு பித்து. கிராம சேவக் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மற்றதெல்லாம் மறந்தாலும் மறக்கும், வட்டம் மறக்காது. மக்களை வரிசையாக உட்காரவைத்தால் முன்னால் இருப்பவன் பேசுவான், பின்னால் இருப்பவன் தூங்குவான். வட்டமாக உட்காரவைத்தால் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நீ பேசாதே, அவர்களைப் பேசவை. வாய் திறக்காதவரைத் தேடிப் பிடித்து வாய் திறக்கவை. திட்டம் உன் பையிலிருந்து வரக்கூடாது, அவர்கள் வாயிலிருந்து வரவேண்டும். இப்படியெல்லாம் அங்கே வாத்தியார் சொன்னார். நல்ல வாத்தியார்தான். கொல்லிமலைப் பக்கம் அவர் ஒருநாளும் வந்ததில்லை, அவ்வளவுதான்.

மலைக்கு ரோடு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அடிவாரத்தில் தொடங்கிய ரோடு பாதி மலையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் கலெக்டரானாலும் கால்தான். திருச்செங்கோட்டுக்காரனான அர்த்தனாரி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி, பெரக்கரை நாட்டில் ஓடைக்காட்டுப்பட்டி என்கிற சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தான். சாமையும் ராகியும் மரவள்ளியும் விளைகிற ஊர். குடிக்கத் தண்ணீருக்கு ஊருக்கு மேலே சரிவில் ஒரே ஓர் ஊற்று.

அந்த ஊர்க் கோயிலுக்குப் பக்கத்தில் தாழ்வாக, தட்டையாக ஒரு பாறை கிடக்கிறது. கூட்டுப்பாறை என்று பேர். அதைப் பார்த்ததும் அர்த்தனாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊரே உட்காரலாம், அதுவும் வட்டமாக. கூட்டத்தை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஊர்க்கவுண்டர் செங்கோடனிடம் சொன்னான். பெண்களும் வரவேண்டும் என்றான். செங்கோடன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சர்க்கார் கூப்பிட்டால் வரத்தானே வேண்டும் என்றார்.

அவர் தரையைப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பாறையில் ஊர் கூடுவது ஒன்றுக்குத்தான். பிராது. ஆட்டைப் பிடித்துப் போனான், எல்லைக்கல்லைத் தள்ளி நட்டான், பெண்ணை அனுப்பமாட்டேன் என்கிறான் என்று யாராவது வந்து குறை சொல்வார்கள். யார் மேல் பிராது என்று ஊர்க்கவுண்டர் கேட்பார். பேர் சொல்லியாக வேண்டும். பேர் வந்துவிட்டால் தீர்வு சொல்லியாக வேண்டும். பாறையில் விழுந்த குறை தீராமல் கீழே இறங்கினால் சாமி ஊரைச் சும்மா விடாது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் அங்கே யாரும் பொழுதுபோக்காக வாய் திறக்க மாட்டார்கள். மழை இல்லை என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மழையைக் கெடுத்தது யார் என்று தேடவேண்டி வரும். அழுவதும் புலம்புவதும் வீட்டில், காட்டில், வழிநடையில். பாறையில் கிடையாது. பெண்கள் அதில் ஏறுவதே இல்லை, பிராது அவர்கள் மேல் என்றால் ஒழிய.

கேட்டிருந்தால் இதையெல்லாம் சொல்லியிருப்பார்கள். அர்த்தனாரியும் கேள்வி கேட்கத்தான் வந்திருந்தான். அவன் கொண்டுவந்த கேள்விகள் வேறு.

மறுநாள் காலையில் ஊர் வந்து உட்கார்ந்தது. பெண்கள் பாறையின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். அவன் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வட்டத்துக்குள் இடம் பிடித்து உட்காரவைத்தான். ஊர்க்கவுண்டருக்குத் தனி இடம் கிடையாது, அவரும் நடுவிலே ஓர் ஆள். பிறகு பையிலிருந்து சாம்பலை எடுத்துப் பாறையின் நடுவே ஊரை வரைந்தான். சாம்பல் கோடு வழி. ஆமணக்கு விதைகள் வீடுகள். ஒரு பலா இலை ஊற்று. அவரவர் வீட்டை அவரவரே வைக்கச் சொன்னான். அதுவரை விறைத்துக்கொண்டிருந்தவர்கள் அதில் கொஞ்சம் இளகினார்கள். என் வீடு இன்னும் மேற்கே, உன் வீட்டை ஏன் என் காட்டில் வைக்கிறாய் என்று சிரிப்புக்கூட வந்தது.

உங்கள் ஊருக்கு என்ன குறை என்று அர்த்தனாரி கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

ஒரு குறையும் இல்லை என்றார் செங்கோடன். ஒரு குறையும் இல்லை என்றார் அவருக்கு அடுத்தவர். வட்டம் முழுக்க அதே பதில் சுற்றி வந்தது. அர்த்தனாரி அசரவில்லை. முதலில் கூச்சப்படுவார்கள், காத்திரு என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவன் கண் சின்னாயி மேல் நின்றது. இடுப்பில் கைக்குழந்தையோடு, வெள்ளையன் என்பவனின் மனைவி. அவள் வாய்க்குள் ஏதோ இருந்தது. அது யாருக்கும் தெரியும், அவ்வளவு தெளிவாக முகத்தில் எழுதியிருந்தது.

அவளுடைய மூத்த பையன் சின்னக்கண்ணு போன மழையில் வயிற்றோட்டத்தில் போய்விட்டான். மழை பெய்தால் ஊற்று கலங்கும். கலங்கிய தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் படுக்கும். சில எழுந்திருக்கும், சில எழுந்திருக்காது. இப்போது இடுப்பில் இருந்தவள் பொன்னம்மாள். அடுத்த மழைக்கு இவளை என்ன செய்வது என்ற ஒரே நினைப்பில்தான் சின்னாயி எழுந்ததும் படுத்ததும்.

அர்த்தனாரி அவளிடம் போய்க் குந்தி உட்கார்ந்தான். அதட்டவில்லை. நல்ல மனுஷன், அதை யாரும் மறுக்க முடியாது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அவள் வாய் திறந்திருக்கவே மாட்டாள்.

“சொல்லுங்கம்மா. உங்க மனசுல இருக்கறதச் சொன்னாத்தானே செய்ய முடியும்.”

அவன் காத்திருந்தான். ஊரும் காத்திருந்தது. கடைசியில் அவள் பலா இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“தண்ணி கெட்டுப்போச்சுங்க. எம்பையன் அதுலதான் போனான்.”

 செங்கோடன் கண்ணை மூடித் திறந்தார். அவர் விரும்பிக் கேட்கிற கேள்வி இல்லை அது. ஆனால் கேட்காமல் இருக்க அவரால் முடியாது.

“யாரு மேல பிராது?”

சின்னாயிக்கு அப்போதுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்தது. யார் மேலும் இல்லை, தண்ணீர் மேல்தான் என்று தடுமாறினாள். அர்த்தனாரிக்கோ உச்சி குளிர்ந்துபோயிற்று. காரணம் தேடு என்பதுதானே அடுத்த பாடம். ஊர்க்கவுண்டரே காரணத்தைத் தேடுகிறாரே. யார் மேலும் குற்றம் சொல்ல வேண்டாம், படத்தைப் பாருங்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள் என்றான். ஒரு விரல் பலா இலையைத் தொட்டது. அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டான்.

“இருசாயி ஊடுங்க.”

“அதுக்கும் மேல?”

“அதுக்கு மேல ஒன்னுமில்லீங்க.”

அவன் எதிர்பார்த்த பதில் வேறு. அதற்கு மேல் மொட்டைச் சரிவு இருந்தது. ஊரே விடிகாலையில் ஒதுங்குகிற புதர்கள் அங்கேதான் இருந்தன. மழை பெய்தால் அத்தனையும் கழுவிக்கொண்டு ஊற்றில் இறங்கும். ஊற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி மேலே மூடி போட்டுவிட்டால் தீர்ந்தது. அவனுக்குத் தெரியும். ஆனால் பதிலை நீ சொல்லாதே என்பதும் பாடம் அல்லவா. அதனால் சிரித்த முகத்தோடு வாயை மூடிக்கொண்டு, அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தான். அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இருசாயி சின்னாயிக்குக் கூடப்பிறந்த அக்கா. புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. சின்னாயியின் இரண்டு பிரசவத்துக்கும் கைகொடுத்தவள். சின்னக்கண்ணு படுத்திருந்தபோது கூடவே கிடந்தவள். அன்றைக்கு வட்டத்தில் தங்கைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். வட்டத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் தப்பிக்க முடியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

தீர்வை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார் செங்கோடன். அர்த்தனாரி எழுந்து கைகூப்பினான். குறையை அவர்களே சொன்னார்கள், காரணத்தை அவர்களே கண்டார்கள், தீர்வையும் அவர்களே செய்துகொள்வார்களாம். பயிற்சியில் இதைத்தான் கடைசிப் படி என்று சொன்னார்கள். முதல் கூட்டத்திலேயே கடைசிப் படி. ஊற்றைச் சுற்றி அவர்களே கல் அடுக்கிவைப்பார்கள், சிமெண்டுக்கு மட்டும் பிளாக் ஆபீஸில் சொல்லிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு மலை இறங்கினான். வழியெல்லாம் சீட்டியடித்தான்.

அவன் தலை மறைந்ததும் ஊர் மறுபடி உட்கார்ந்தது. இந்த முறை வழக்கப்படி, ஊர்க்கவுண்டர் மேற்கே, மற்றவர்கள் எதிரே. சின்னாயி கீழே நின்று கதறினாள். அக்காவைச் சொல்லவில்லை, அக்காவைச் சொல்லவே இல்லை என்று மண்ணில் விழுந்தாள். செங்கோடனுக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் குறை விழுந்துவிட்டது, விரல் காட்டியாயிற்று, அதைப் படமாகப் போட்டு ஊரே பார்த்துவிட்டது. ஊற்றுக்கு மேலே இருக்கிற ஒரே வீடு அவளுடையது. இருசாயிக்கு நெருப்பும் நீரும் கிடையாது என்று தீர்ந்தது. யார் வீட்டு அடுப்பிலும் அவள் தணல் எடுக்கக் கூடாது, யாரும் அவளுக்குத் தண்ணீர் தரக் கூடாது, பேசக் கூடாது, பொழுது சாய்வதற்குள் அவள் ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்.

அவள் சண்டை போடவில்லை. துணியை மூட்டை கட்டினாள். தங்கை வீட்டைத் தாண்டும்போது நின்றாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சின்னாயியை உள்ளே வைத்து வெள்ளையன்தான் தாழிட்டிருந்தான். உள்ளே பொன்னம்மாள் அழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு இருசாயி போய்விட்டாள்.

சிமெண்டு அந்த மழைக்கு வரவில்லை. சர்க்கார் சிமெண்டு என்றைக்குச் சொன்ன மழைக்கு வந்திருக்கிறது? மழை முடிந்து பனி இறங்கிய பிறகு ஒருநாள் அர்த்தனாரி மலைக்கு வந்துகொண்டிருந்தான். ரோடு வேலை நடக்கிற இடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

“சாம்பல்ல ஊரு போட்ட சாமிதானுங்களே?”

இருசாயி ஆளே பாதியாகியிருந்தாள். விரல்களில் துணி சுற்றியிருந்தாள். இங்கே எப்படி வந்தாய் என்று அவன் கேட்டான். அவள் சொன்னாள். பாறை என்ன, பிராது என்ன, அன்றைக்கு என்ன நடந்தது எல்லாம் நிதானமாக, யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்வதுபோல் சொன்னாள். அவனைக் குற்றம் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

“அவ எம்மேல சொல்லலீங்க. தண்ணி மேலதான் சொன்னா. அதயும் நீங்க கேட்டதாலதான் சொன்னா. கொழந்த பொன்னி எப்படி இருக்காளாமுங்க?”

அவனுக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்ல முடிந்தது. மேலே ஏறினான். அன்றைக்குச் சீட்டியடித்துக்கொண்டு இறங்கிய வழி அதுதான் என்பது நினைவுக்கு வந்து, வழியோரக் கல்லில் உட்கார்ந்து அழுதான். அழுதால் ஆகிற காரியமா அது. எழுந்து நடந்தான்.

ஓடைக்காட்டுப்பட்டியில் ஊற்றைச் சுற்றி ஒரு கல்லும் அடுக்கப்படவில்லை. எதற்கு அடுக்க வேண்டும்? கெடுத்தவள்தான் போய்விட்டாளே. இருசாயியின் வீட்டுக் கூரை சரிந்து கிடந்தது. ஊரில் பிள்ளைகள் யாருக்கும் உடம்பு சரியில்லையா என்று கேட்டான். யாருக்கும் ஒன்றுமில்லை என்றார்கள். அது பொய். அந்த ஊரில் இப்போதெல்லாம் யாருக்கும் வயிற்றோட்டம் வருவதில்லை, அப்படி ஒரு கட்டுப்பாடு. வந்தால் தண்ணீர் இன்னும் கெட்டுக்கிடக்கிறது என்று ஆகிவிடும். தண்ணீர் கெட்டுக்கிடந்தால் கெடுத்த இன்னொருவரைத் தேட வேண்டிவரும். அதனால் படுத்த பிள்ளைகளைத் தானியக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள். அந்த மழையில் போன பிள்ளைகளை ஊருக்குச் சொல்லாமல் புதைத்தார்கள்.

வெள்ளையன் வீட்டில் குதிருக்குப் பின்னால் பொன்னம்மாள் கிடந்தாள். மழைக்குப் படுத்தவள் எழுவதும் விழுவதுமாக இருந்தாள். சின்னாயி மறைக்கவில்லை. அவனை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். பிள்ளையின் வயிறு ஒட்டிக் கிடந்தது, கண் மட்டும் பெரிதாக இருந்தது. இந்த மழையைத் தாண்டிவிட்டாள், அடுத்த மழையைத் தாண்டமாட்டாள் என்று அர்த்தனாரிக்குப் பார்த்த உடனே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது. சரிவிலிருந்து இறங்குகிற அழுக்குதான் ஊற்றைக் கெடுக்கிறது, சுற்றிச் சுவரும் மேலே மூடியும் போட்டால் தீரும் என்று அவளிடம் சொன்னான். அக்காவைப் பார்த்ததாக அவன் சொன்னபோது, சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேட்டாள்.

அங்கிருந்து நேராகச் செங்கோடனிடம் போனான். தப்பு என்னுடையது, பிராதை என் மேல் மாற்றிக்கொள்ளுங்கள் என்றான். செங்கோடன் அவனைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். நீங்கள் வெளியாள், உங்களை எங்கள் சாமி ஏற்காது என்றார். அப்படியானால் கூட்டத்தைப் பாறையில் வேண்டாம், காட்டில் வைப்போம் என்றான். அதற்கு அவர் தலையை ஆட்டினார்.

“ஊரே கூடி உக்காந்தா அதுதானுங்க பாற. எங்க உக்காந்தாலும்.”

யாரும் குறை சொல்ல வேண்டாம், கிணறு வேண்டும் என்று மட்டும் கேளுங்கள் என்று அவன் கெஞ்சினான். கிணறு வேண்டும் என்றால் ஊற்றில் குறை, ஊற்றில் குறை என்றால் கெடுத்தவர் யார் என்று அவர் திருப்பிக் கேட்டார். தர்க்கத்தில் அவரை அசைக்க முடியவில்லை. வழி தெரியாமல்தான் அவரும் இருந்தார். அவருடைய பேத்தி ஒருத்தியும் குதிருக்குப் பின்னால் கிடந்தாள். அதை அவர் அவனிடம் சொல்லவில்லை.

அர்த்தனாரி பிளாக் ஆபீஸில் அதிகாரியைப் பிடித்து உண்மையைச் சொன்னான். அதிகாரி சிரித்தார். மலைக்காரர்கள் கதையெல்லாம் நம்பாதே, கூட்டத்தை ஒழுங்காக நடத்தத் தெரியவில்லை என்று சொல் என்றார். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து வேண்டாத இடத்தில் கிணறு கேட்டு வாங்கி, அது கல்லும் மண்ணுமாகக் கிடந்ததை அவர் நிறையப் பார்த்திருந்தார். மக்கள் வாயால் கேட்காமல் ஒரு மூட்டை சிமெண்டும் கிடையாது என்பது அவருடைய கொள்கை. ஒரே ஒரு ஊற்றுக்குத்தான் சிமெண்டு இருக்கிறது, நானே வந்து கேட்கிறேன், கேட்டால் அவர்களுக்கு, இல்லாவிட்டால் அன்றைக்கே அடுத்த ஊருக்கு என்றார். கொள்கையில் தப்பு சொல்ல முடியாது. நாசமாய்ப் போகிற காரியங்கள் எல்லாம் நல்ல கொள்கையோடுதான் மலை ஏறிவருகின்றன.

கோடைக் கடைசியில் அவர் வந்தார். கேட்காவிட்டால் சிமெண்டு அன்றைக்கே அடுத்த ஊருக்கு என்பதை அர்த்தனாரி ஊரில் முன்பே சொல்லிவைத்திருந்தான். ரோடு நின்ற இடம் வரை ஜீப், அதற்கு மேல் வியர்வை. கூட்டம் பாறையில்தான், வட்டமாகத்தான். அர்த்தனாரி அதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பொன்னம்மாள் அம்மா மடியில் துணிபோலக் கிடந்தாள். மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

உங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று அதிகாரி கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றார் செங்கோடன். பதில் ஒவ்வொருவராகச் சுற்றி வந்தது. ஒன்றும் வேண்டாம். ஒரு குறையும் இல்லை. சாமி புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். அர்த்தனாரி வாயைத் திறந்தான். அதிகாரி அவன் முழங்காலைத் தட்டி அடக்கினார்.

“நீ பேசாதேப்பா. உனக்குச் சொல்லிக்கொடுக்கலையா?”

வட்டம் சின்னாயியிடம் வந்து நின்றது.  மடியில் கிடந்தவளை எடுத்துப் பக்கத்தில் இருந்த வெள்ளையன் மடியில் வைத்தாள். பிறகு எழுந்து நின்றாள். பிராது கொடுப்பவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

“ஊத்துத் தண்ணி கெட்டுக்கெடக்குதுங்க. புள்ளைங்க சாவுதுங்க. ஊத்தச் சுத்திச் சொவரு வேணும், மூடி வேணும்.”

அதிகாரியின் முகம் மலர்ந்தது.  அவரவர் கண் அவரவர் வீட்டுக்கு மேலே யார் வீடு, கீழே யார் வீடு என்று ஓடியது. இரண்டு பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.  கேட்டே தீரவேண்டியது செங்கோடன் வேலை.

“யாரு மேல பிராது, கண்ணு?”

“எம்மேலதானுங்க.”

செங்கோடன் அவளைப் பார்த்தார். என்ன செய்தாய் என்று கேட்டார். போன வருஷத்துக்கு முந்தின மழையில் மூத்தவன் வயிற்றால் போன துணியை ஊற்றுக்கு மேலே அலசினேன், அதிலிருந்துதான் தண்ணீர் கெட்டது, தண்ணீரில் அவன் போனான் என்று அன்றைக்குச் சொன்னது பொய், அக்கா ஒன்றும் செய்யவில்லை என்றாள். குரல் நடுங்காமல் சொன்னாள். எத்தனை நாளாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

அந்தத் துணியை அவள் அலசவே இல்லை. பையனை அந்தத் துணியிலேயே சுற்றிக் குழிக்குள் வைத்து மண் தள்ளியவன் வெள்ளையன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் பிராது பொய்யாகிவிடும், சுவரும் மூடியும் அடுத்த ஊருக்குப் போய்விடும். வெள்ளையன் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தான். அதன் உள்ளங்காலைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டான். தலையை நிமிர்த்தவே இல்லை.

இது போதும், இதற்கு மேல் யார் என்ன என்று கிளற வேண்டாம் என்றார் அதிகாரி. வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்று ஊருக்காகக் கேட்கிறாள், அதுவும் தன் தப்பையும் ஒத்துக்கொண்டு கேட்கிறாள், இதைவிட என்ன வேண்டும் என்று அர்த்தனாரியின் தோளைத் தட்டினார். நீ நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறாய் என்றார். அர்த்தனாரி எழுந்தான், நான் சொல்கிறேன், நடந்தது இதில்லை என்று தொடங்கினான். சின்னாயி அவனைப் பார்த்தாள். கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை. மேகத்தைப் பார்த்தாள், மறுபடியும் அவனைப் பார்த்தாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

சிமெண்டை மேலே தூக்கிவர ஆள் ஏற்பாடு செய்யும்படி அதிகாரி அங்கேயே உத்தரவு போட்டார். ஊர் ஆண்கள் நாளைக்கே இறங்குவதாகச் சொன்னார்கள். செங்கோடன் தீர்வு சொல்ல எழுந்தார். நெருப்பும் நீரும் என்று தொடங்கியவருக்கு முடிக்க வரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொல்லி முடித்தார். பிள்ளை தகப்பன் குடிக்குச் சேர்ந்தது, ஊரில்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அதிகாரிக்கு அது ஏதோ சாமி கும்பிடுகிற சடங்கு என்று தோன்றியிருக்க வேண்டும், கைகூப்பிக்கொண்டு நின்றார்.

பொழுது இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும் என்று கிளம்பினார்கள். அதிகாரி முன்னால் நடந்தார். பயிற்சி நிலையத்துக்கு இந்தப் பெண்ணைக் கூட்டிப்போய் எல்லோருக்கும் முன்னால் பேசவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் பேர் என்ன என்று கேட்டார். அர்த்தனாரி சொன்னான். கொஞ்ச தூரம் போனபின் பின்னால் காலடிச் சத்தம் கேட்டு அதிகாரி திரும்பினார். சின்னாயிதான் ஒரு சின்ன மூட்டையோடு வந்துகொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் அவள் ஊர் எல்லையைத் தாண்டியாக வேண்டும். வழியனுப்ப வருகிறாளாக்கும் என்று அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. எங்கேம்மா இந்நேரத்தில் என்று அன்பாகக் கேட்டார்.

“அக்காகிட்டப் போறேனுங்க.”

போய் வா, போய் வா என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். அவர் வளைவைத் தாண்டும்வரை சின்னாயி நின்றாள். முந்தானையின் ஒரு பக்கம் நனைந்திருந்தது, கடைசியாகப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும். அர்த்தனாரிக்கு அவள் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“மூடி எப்பங்க போடுவீங்க?”

மழைக்கு முன்னால் என்று அவன் சொன்னான். நிச்சயமாகவா என்று கேட்டாள். நிச்சயமாக என்றான். அவள் மூட்டையைத் தலைக்கு மாற்றிக்கொண்டு, ஜல்லி உடைக்கிற சத்தம் வந்த பக்கமாக இறங்கத் தொடங்கினாள். அவர்கள் பாதி வழி போவதற்குள் முதல் துளி விழுந்தது.